சுற்றிப் போட்ட உப்பு

இன்று காலை மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற உட்கார்ந்தபோது உங்கள் பாட்டில் கை நழுவியது. நல்லவேளை, மடியில்தான் விழுந்தது. பழுப்பு நிற மிக்சர் பாட்டில். அதன் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி நீங்கள் ஒட்டிய காகிதப் பட்டை இப்போது டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. நோயாளிகளுக்கு ஒரு பல் ஒரு வேளை என்று வெட்டி ஒட்டுவீர்களே, அதே பட்டைதான். எனக்கு மட்டும் ஒரு பல் ஒரு வாரம். மேலே உங்கள் கையெழுத்தில் ஒரே ஒரு சொல், ‘கசக்கும்’.

நீங்கள் இறந்துபோன செய்தி வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆத்தூரிலிருந்து உங்கள் தம்பிதான் சொன்னார். “அக்கா உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாங்க” என்றார். என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த உப்பு விஷயத்தைச் சொல்லியிருப்பீர்களோ என்று ஒரு பயம். சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்தீர்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். இரண்டு அறை, ஒரு வராந்தா, வாரத்தில் மூன்று நாள் வரும் டாக்டர், வாரம் முழுக்க நீங்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் வேலைக்குப் போகிற பெண்ணை வா, போ என்று கூப்பிட என் வாய்க்கு வரவில்லை. நீங்கள் என்னை அக்கா என்றீர்கள், நான் உங்களை நீங்க என்றேன், கடைசிவரை அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீடு எங்களுடையது. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு நேராக எங்கள் வீட்டு நடைக்கு வந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பீர்கள்.

என் பேச்சைக் கேலி செய்வதில் உங்களுக்கு அலுப்பே கிடையாது. “நீங்க ‘வாரேன்’னு சொன்னா எதையோ வாரிக்கிட்டு ஓடப்போற மாதிரியே இருக்குக்கா” என்பீர்கள். “உங்க ஆத்தூர்ப் பேச்சுக்கு இது தேவலைங்க” என்பேன் நான். அந்தப் பேச்சை இப்போது யார் வாயிலாவது கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

மீன்தொட்டி வந்தது அதற்கு மறு வருடம். என் வீட்டுக்காரருக்கு லாரி. நாமக்கல் பட்டறையில் புது பாடி கட்டியபோது மிஞ்சிய இரும்பையும் கண்ணாடியையும் வைத்து, பட்டறைக்காரரிடம் சொல்லி ஒரு தொட்டி செய்து கொண்டுவந்தார். இரும்புச் சட்டம், மூலையெல்லாம் கண்ணாடி ஒட்டும் புட்டி, மேலே லாரிப் பச்சை பெயிண்ட். பெயிண்டர் பழக்க தோஷத்தில் பின்பக்கச் சட்டத்தில் பூ வரைந்து ‘ஹாரன் ப்ளீஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். நீங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணாடி முன் குனிந்து “பாம் பாம்” என்பீர்கள். மீன்கள் ஒதுங்கியதே இல்லை.

மீனும் செடியும் மதராஸ் சவாரியில் வந்தன. கறுப்பு மாலி மீன் எட்டு. விசிறி விசிறியாக இலை விட்ட ஒரு நீர்ச்செடி. அதன் பெயர் வீட்டுக்காரருக்கு மறந்துபோய்விட்டது, நாமே விசிறிப்பாசி என்று வைத்துக்கொண்டோம். எனக்கு மீனைவிட அந்தச் செடியின் மேல்தான் ஆசை. அவர் சவாரி போனால் பத்து நாள், பதினைந்து நாள். மானாவாரிக் காட்டுப் பக்கம் வெயில் அனலாய் அடிக்கும்போது, வீட்டுக்குள்ளே தண்ணீருக்குள் ஒரு பச்சை அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாலே வயிறு குளிர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் உப்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். குழம்புக்குப் போடுவது உப்பு. காட்டுக்கு மூட்டையில் வாங்கி வீசும் உரமும் உப்பு. மலச்சிக்கலுக்கு நீங்கள் கரைத்துக் கொடுத்ததும் பேதி உப்பு. கிணற்றுத் தண்ணீரைக்கூட ‘உப்புங்க’ என்போம். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை படியும் என்று, நான் மொட்டை மாடியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரையே ஊற்றினேன். என் கெட்டிக்காரத்தனம் அது.

தொட்டி பார்க்கத் தெருவே வந்தது. எதிர்வீட்டுக்காரம்மா கன்னத்தில் கையை வைத்து, “ஏனுங்க, ஆத்தையே அள்ளிக்கிட்டு வந்து ஊட்டுக்குள்ள வெச்சுப்போட்டீங்களே” என்றார். அடுத்த வாரமே விசிறிப்பாசியின் அடி இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவெல்லாம் வெளுத்துப்போயிற்று.

நீங்கள் ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். “மழைத் தண்ணி சுத்தம்தாங்க்கா. ஆனா அதுல செடி தின்றதுக்கு ஒண்ணுமே இல்ல. பசிக்குது அதுக்கு. பேதி உப்புல ஒரு சத்து இருக்கு, அதைக் கொஞ்சம் குடுப்போம்” என்றீர்கள்.

“செடிக்குப் பேதியாயிருச்சுன்னா?” என்று கேட்டேன். சோற்றுக் கையோடு நீங்கள் சிரித்த சிரிப்பில் மாலி மீன்கள் மூலைக்கு ஓடின.

ஆஸ்பத்திரிச் சரக்கில் ஒரு சிட்டிகைகூடத் தொடமாட்டீர்கள். திருச்செங்கோட்டு மருந்துக் கடையில் உங்கள் காசில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தீர்கள். நாலு குடத் தண்ணீருக்கு அரை ஸ்பூன், வாரம் ஒருமுறை, கால்வாசித் தண்ணீர் மாற்றிய பிறகு. அதற்குமேல் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். எதிரில் நின்று நீங்களே கரைத்தும் ஊற்றினீர்கள்.

இங்கேதான் நான் என் வேலையைக் காட்டினேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கண் திருஷ்டி, சகுனம் என்று என் மாமியார் எதைச் செய்தாலும் நக்கல் பண்ணுகிறவள். குழந்தைகளுக்கு அவர் உப்பைச் சுற்றித் தண்ணீரில் போட்டால், “கரைஞ்சது உப்புத்தானுங்க அத்தை, கண்ணு இல்லை” என்று வாயடிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு எதிர்வீட்டம்மா கன்னத்தில் கை வைத்தது மறக்கவே இல்லை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்களே, அது என் புத்தியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை, மாமியார் கோயிலுக்குப் போன நேரம், ஒரு கைப்பிடி கல் உப்பை அள்ளித் தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினேன்.

சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்து முச்சந்தியில் ஊற்ற வேண்டும். சொம்போடு வெளியே போனால் யாராவது பார்ப்பார்கள், மாமியார் காதுக்குப் போகும், பேசிய வாய்க்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதிலேயே போட்டுவிட்டேன். உப்புத் தண்ணி குடித்து வளர்ந்த ஊர், ஒரு கைப்பிடி என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு கைப்பிடி. அடுத்த வெள்ளி, அடுத்த செவ்வாய் என்று மொத்தம் நான்கு. பங்குனி வெயிலில் வற்றிய தண்ணீருக்கு ஈடாக மேலே மேலே ஊற்றிக்கொண்டும் இருந்தேன். தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் விசிறிப்பாசி கண்ணாடி மாதிரி வெளுத்து, தொட்டால் விரலில் கொழகொழவென்று வந்தது. இரண்டே நாளில் தண்டு மட்டும் மிச்சம். மாலி மீன்கள் மட்டும் முன்னைவிடத் துள்ளிக்கொண்டிருந்தன. மாலிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும் என்று பின்னால் நீங்கள் சொல்லித் தெரிந்தது. மீன் நன்றாக இருக்கிறது, செடி மட்டும் செத்துவிட்டது, செடிக்கென்று மருந்து கொடுத்தது நீங்கள். மாமியார் கணக்குக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“ஏஞ்சாமி, படிச்ச புள்ள நீ. அளவு தெரியாமக் குடுத்துப்போட்டயே” என்றார் உங்களிடம். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார், அது இன்னும் மோசம்.

நீங்கள் தொட்டிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“ஆமாங்கம்மா, என் கை கூடிப்போயிருக்கும்” என்றீர்கள் மாமியாரிடம். என்னிடம் திரும்பி, “மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்கக்கா. ரெண்டு நாள் விட்டு மறுபடி ஒரு பங்கு. ஒரே நாள்ல மொத்தத்தையும் மாத்தாதீங்க, மீனு தாங்காது. தண்டைப் பிடுங்கிப் போட்டுராதீங்க” என்றீர்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே போய்விட்டீர்கள்.

நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு தொட்டிச் செடிதானே, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஊர் மறக்கவில்லை. மாமியார் குழாயடியில் சொன்னார், குழாயடி டீக்கடைக்குச் சொன்னது. ‘மீன்தொட்டிக்கே அளவு தெரியாமக் குடுத்த புள்ள, மனுசனுக்கு என்னத்தைக் குடுக்குமோ’ என்று ஆரம்பித்தது. இருமலுக்கு வந்தவர் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மிக்சரை வாங்காமல் போனார். ஒரு தாய் பேதிக்குக் கொடுத்த மருந்தைக் குழந்தைக்கு ஊட்டாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, மறுநாள் குழந்தை துவண்டுபோய்த் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தக் குழந்தை பிழைத்தது உங்களால்தான். அதையும் யாரும் பேசவில்லை. உங்களை மாற்றச் சொல்லிப் பெட்டிசன் எழுதலாம் என்று டீக்கடையில் பேசிக்கொள்வதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். நீங்கள் எங்கள் வீட்டு நடைக்குச் சாப்பிட வருவதை நிறுத்தி அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நானே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னலில் ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டில். அதற்குள் விசிறிப்பாசி, கரும்பச்சையாக, விசிறி விசிறியாக. தொட்டி வந்த புதிதில் நீங்கள் கேட்டு வாங்கிப்போன இரண்டு கிள்ளு.

“இதுக்கு என்ன போட்டீங்க?” என்றேன்.

“அதே மழைத் தண்ணி. அதே பேதி உப்பு, இம்மியூண்டு” என்றீர்கள், கையை நிறுத்தாமல்.

“இதைக் கொண்டாந்து எங்கத்தை முன்னால வெச்சிருக்கலாமில்லீங்க?”

“வெச்சா, அப்புறம் அந்தத் தொட்டியில எது விழுந்துதுன்னு கேப்பாங்கல்ல?” என்றீர்கள். “பேதி உப்பு கசக்கும்க்கா. உங்க தொட்டித் தண்ணி கல்லுப்பு மாதிரி கரிச்சுது. நீங்க ஏன் போட்டீங்கன்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க தலையக் குனிஞ்சீங்க. மாமியார் எதிர்ல உங்களை நிக்க வைக்க மனசு வரல. இவ்ளோ தூரம் போவும்னு நினைக்கல.”

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அழவில்லை. உங்கள் கை மட்டும் கொஞ்சம் வேகமாக அரைத்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தக் கையில்தான் தெரிந்தது. ‘திருஷ்டி கழிச்சனுங்க’ என்று நான் சொன்னபோது நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். “முச்சந்தியில ஊத்தக் கூடாதாக்கா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் காலை, டாக்டர் வருகிற நாள், வராந்தா நிறைய ஜனம். நான் இரண்டு டம்ளரோடு போனேன். ஒன்றில், முதல் தடவை மாற்றிய தொட்டித் தண்ணீர். செவ்வந்திச் செடிக்கு ஊற்றலாம் என்று எடுத்துவைத்தது, நல்லவேளை ஊற்றவில்லை. இன்னொன்றில், உங்கள் பொட்டலத்தில் மிச்சமிருந்த உப்பைக் கரைத்த தண்ணீர். மாமியாரையும் கையோடு கூட்டிப்போயிருந்தேன், எதற்கென்று சொல்லாமல்.

“ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்றேன். “எங்க ஊட்டுத் தொட்டியில செடி செத்ததுக்கு இவங்க காரணமில்லீங்க. நாந்தான். கண்ணுப் பட்டுப்போச்சுன்னு நாலு கை கல்லுப்பு சுத்தி உள்ளயே போட்டுப்போட்டேன். நம்பலைன்னா நாக்குல வெச்சுப் பாருங்க. இது தொட்டித் தண்ணி. இது இவங்க குடுத்த உப்பு.”

மிக்சர் வாங்காமல் போன அந்த இருமல்காரரே எழுந்து வந்து, முதல் டம்ளரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “கரிக்குதுங்க” என்றார். இரண்டாவதில் நனைத்து வைத்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. “அட, கசக்குது சாமி” என்று துப்பப் போனவர், டாக்டர் வருவதைப் பார்த்து விழுங்கிவிட்டார். வராந்தாவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேராக உங்கள் ஜன்னலுக்கு வந்து காலி பாட்டிலை நீட்டி, “இருமல் இன்னும் விடலைங்க, அந்த மிக்சரைக் குடுங்க” என்றார். நீங்கள் அந்தப் பாட்டிலை வாங்க ஒரு நிமிடம் பிடித்தது. அதற்குள் அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

பெட்டிசன் பேச்சு அன்றோடு போயிற்று. மாமியார் உங்களிடம் வந்து, “நாந்தாஞ் சாமி ஊரெல்லாம் சொன்னேன், மனசுல வெச்சுக்காதே” என்றார். என்னைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்ற மருமவ எஸ்செல்சி. உப்புச் சுத்தத் தெரியும், ஊத்தத் தெரியாது” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் இந்தப் பாட்டில் வந்தது. பேதி உப்பை அளவாகக் கரைத்து, பட்டை வெட்டி ஒட்டி, ‘கசக்கும்’ என்று எழுதி. கூடவே ஒரு சின்ன டப்பா, கல் உப்பு, ‘கரிக்கும்’ என்று எழுதி. “கசக்கிறது செடிக்கு, தொட்டியில. கரிக்கிறது மீனுக்கு, அதுவும் சீக்குன்னா மட்டும், தனிச் சட்டியில. செடி இருக்கிற தண்ணியில கரிக்கிறது ஒரு கல்லுகூட விழக் கூடாது. எந்த உப்புன்னு சந்தேகம் வந்தா நாக்கைக் கேளுங்க” என்றீர்கள். அடுத்த மழைக்காலத்தில் மாலிகள் மேல் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்தபோது அப்படியே செய்தோம். மீன்களை ஒரு எனாமல் பேசினுக்கு மாற்றி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நீங்கள் காலையும் மாலையும் வந்து பார்த்தீர்கள். எட்டில் ஏழு பிழைத்தன. தொட்டியில் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் பிடுங்க வேண்டாம் என்ற அந்தத் தண்டுகளைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாவது தடவை தண்ணீர் மாற்றிய பிறகு, மிஞ்சிய நான்கு தண்டுகளில் ஒன்றின் கணுவில் கடுகளவு பச்சை வந்தது. உங்களைக் கூப்பிட வராந்தாவைத் தாண்டி ஓடினேன். ஊசி போடக் காத்திருந்தவர்களெல்லாம் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று எழுந்து நின்றார்கள். உங்கள் ஜன்னல் பாட்டிலிலிருந்து இரண்டு கிள்ளும் கொண்டுவந்து பக்கத்திலேயே நட்டீர்கள். அன்றைக்கு மறுபடி எங்கள் நடையில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தீர்கள்.

எண்பதுகளின் நடுவில் உங்களுக்கு ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது, நீங்களே கேட்டு வாங்கியது. பஸ் ஏற வந்த கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் கல்யாணப் பார்ட்டி என்று நினைத்துவிட்டார். இருமல்காரர் உங்கள் பெட்டியைத் தூக்கி வந்தார். “வாரேனுங்க்கா” என்றீர்கள் என் பேச்சில். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பார்த்திருப்போம். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி, “செடி எப்படிக்கா?”

நன்றாக இருக்கிறது. அந்த லாரிப் பச்சைச் சட்டம் துருப்பிடித்துப் போய், இது மூன்றாவது தொட்டி. செடி அதேதான், கிள்ளிக் கிள்ளி நட்டு வருகிறேன். பாட்டிலும் அதேதான், தீரத் தீர நீங்கள் சொன்ன அளவிலேயே பேதி உப்பைக் கரைத்து நிரப்பிக்கொள்கிறேன். சேலத்தில் மகள் வீட்டுத் தொட்டியிலும், பேர் தெரியாத நாலைந்து வீடுகளிலும் இருக்கிறது. கொடுக்கும்போது இரண்டு உப்பையும் அவர்கள் நாக்கில் வைத்துக் காட்டாமல் கொடுப்பதில்லை. சிலருக்கு என்மேல் கோபம்கூட வருகிறது. யாரைப் பற்றியாவது எதையாவது கேள்விப்பட்டால், நான் இப்போது உடனே தலையாட்டிவிடுவதும் இல்லை. அது உங்களுக்கு நான் செய்ததை நினைத்து வந்த பழக்கம்.

உங்களிடம் ஒருநாளும் வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை. இரண்டு டம்ளரோடு வந்ததே போதும் என்று விட்டுவிட்டீர்கள். எனக்குப் போதவில்லை. அந்த ஒன்பது நாளுக்கு மன்னித்துவிடுங்கள்.

மடியில் விழுந்த பாட்டிலைத் துடைத்து எடுத்து, கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஒரு பல் அளவு தொட்டியில் ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன்னால், வழக்கம்போல ஒரு சொட்டு விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. உங்கள் உப்புதான்.